எருக்கந்தூணும் செங்கோலும்

அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவே, சி.டி.எச். சாலையிலிருந்து சற்று உள்ளடங்கி இருக்கிறது வடதிருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் கோயில். கருவறைக்கு முன்னால் இரண்டு வெள்ளெருக்குத் தூண்கள் நிற்கின்றன. எருக்கு தரிசில் தானாக முளைக்கும் செடி. அது தூணாகும் அளவுக்குப் பருத்திருக்கிறதே என்றுதான் வருகிறவர்கள் முதலில் வியக்கிறார்கள். தலபுராணம் சொல்லும் சேதி அதைவிட வியப்பானது. புழல் கோட்டையை ஆண்ட குறும்பர் தலைவர்கள் ஓணன், வாணன் இருவரையும் அடக்கத் தொண்டைமான் படையோடு வருகிறான். வழியில் அவன் யானையின் கால் முல்லைக்கொடியில் சிக்குகிறது. வாளால் கொடியை வெட்டினால், அடியில் மறைந்திருந்த லிங்கத்தில் ரத்தம் கசிகிறது. பதறிப்போன அரசனை இறைவன் மன்னித்து, நந்தியையே போருக்குத் துணையாக அனுப்புகிறார். தொண்டைமான் வெல்கிறான். குறும்பர் கோட்டையிலிருந்த எருக்கந்தூண்களைப் பெயர்த்து வந்து கோயிலில் நிறுத்துகிறான். அன்று புறப்பட்ட நந்தி இன்றும் லிங்கத்துக்கு முதுகைக் காட்டி வெளியே பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறது. வாள்பட்ட காயத்துக்காக ஆண்டு முழுவதும் சந்தனக்காப்பு. சித்திரைச் சதயத்தன்றுதான் அதைக் களைந்து புதிதாகச் சாத்துகிறார்கள்.

பக்தியை ஒரு கணம் தள்ளிவைத்துப் பார்த்தால், தோற்றவன் வீட்டுத் தூணை வென்றவன் தன் கோயிலில் நட்ட கதை இது. அதாவது போர் வெற்றிச் சின்னம். நினைவுச்சின்னம் என்றதும் நமக்கு மெரினாவின் சிலைகளும் கோட்டைக் கொத்தளங்களும் ஞாபகத்துக்கு வருகின்றன; மேற்குப் புறநகரில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் இந்தத் தூண்களைக் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் சிலை, கோபுரம், டாங்கி, செங்கோல் எல்லாவற்றையும் பற்றிக் கேட்கவேண்டிய முக்கியமான கேள்வியை இந்தத் தூண்களை வைத்தே கேட்டுவிடலாம். இது இங்கே வந்த கதை இந்தத் தூணுக்குத் தெரியுமா? தெரியாது. ஒரு பொருள் எதை நினைவூட்டுகிறது என்பது அந்தப் பொருளில் இல்லை. யார், எப்போது, எதற்காக வைத்தார்கள் என்ற குறிப்பில்தான் இருக்கிறது. அந்தக் குறிப்பு தொலைந்துபோனால் சின்னம் ஊமையாகிவிடும். பிறகு அதைக் கையில் எடுத்தவர் சொல்வதுதான் அதன் பேச்சு. நாமோ சிலையின் உயரம், உலோகம், நிற்கும் இடம் ஆகியவற்றுக்காகத் தலைமுறை தலைமுறையாகச் சண்டையிடுகிறோம். பீடத்தில் எழுதவேண்டிய நாலு வரியைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை.

இதற்கு அண்மைக்காலத்தின் பெரிய உதாரணம் நாடாளுமன்றச் செங்கோல். 1947 ஆகஸ்ட் 14 இரவு, டெல்லி யார்க் சாலையிலிருந்த நேருவின் வீட்டுக்கு, திருவாவடுதுறை ஆதீனகர்த்தர் அம்பலவாண தேசிகர் அனுப்பிய குழு போய்ச் சேர்ந்தது. குமாரசாமித் தம்பிரான் தலைமை. நாதசுர சக்கரவர்த்தி டி.என். ராஜரத்தினம் பிள்ளையும் உடன் போயிருந்தார். சென்னை உம்மிடி பங்காரு செட்டி நிறுவனத்தில் செய்த, ஏறத்தாழ ஐந்தடி நீளமுள்ள, உச்சியில் நந்தி அமர்ந்த செங்கோலை அவர்கள் நேருவிடம் தந்தார்கள். அது பிறகு அலகாபாத் அருங்காட்சியகத்துக்குப் போனது. அங்கே நேருவுக்குப் பரிசளிக்கப்பட்ட தங்கத் தடி என்ற அளவுக்கே அதன் அடையாளச் சீட்டு சொன்னது. கைத்தடி என்றே பலர் எடுத்துக்கொண்டார்கள். பல பத்தாண்டுகள் கழித்து அது தேடிக் கண்டுபிடிக்கப்பட்டு, 2023 மே 28 அன்று புதிய நாடாளுமன்றத்தில் மக்களவைத் தலைவரின் இருக்கை அருகே நிறுவப்பட்டது.

அதையொட்டி நடந்த விவாதத்தை நினைத்துப் பாருங்கள். ஆட்சி மாற்றத்தின் அதிகாரபூர்வமான அடையாளம் இது, மவுண்ட்பேட்டன் கையில் கொடுத்து வாங்கி நேருவுக்கு வழங்கப்பட்டது என்றது ஒரு தரப்பு. அப்படி நடந்ததற்கு அக்காலத்து ஆவணம் எதுவும் காட்டப்படவில்லை, ஓர் ஆதீனம் அன்போடு தந்த பரிசு இது, அவ்வளவே என்றது இன்னொரு தரப்பு. மவுண்ட்பேட்டன் 14ஆம் தேதி பகலில் பாகிஸ்தான் விழாவுக்காகக் கராச்சியில் இருந்ததையும் சுட்டினார்கள். செங்கோல் தரப்பட்டதை யாரும் மறுக்கவில்லை. 'டைம்' வார இதழே அப்போது அதைப் பற்றி எழுதியிருக்கிறது. சண்டை முழுக்க, தரப்பட்டதன் பொருள் என்ன என்பதைப் பற்றியது. அதுவும் புதிய சண்டை அல்ல. 1947 ஆகஸ்ட் 24 தேதியிட்ட 'திராவிட நாடு' இதழிலேயே அண்ணா, ஆதீனம் எதற்காகச் செங்கோல் தருகிறது என்று கேள்வி எழுப்பிவிட்டார். கொடுத்த பத்தாம் நாளே பொருள் பற்றிய தகராறு தொடங்கிவிட்டது. கொடுத்தவர் யார், எந்த வீட்டில், எந்தச் சடங்கோடு, என்ன கருத்தோடு கொடுத்தார், வாங்கியவர் அதை எப்படி எடுத்துக்கொண்டார் என்று அலகாபாத்தில் அன்றே ஒரு பலகை வைத்திருந்தால் 2023இன் கருத்து வேறுபாடு மறைந்திருக்காது. ஆனால் அது கற்பனைக்கும் கற்பனைக்கும் நடந்த சண்டையாக இல்லாமல், கருத்துக்கும் கருத்துக்கும் நடந்த விவாதமாக இருந்திருக்கும். திருக்குறளில் செங்கோன்மையும் கொடுங்கோன்மையும் அடுத்தடுத்த அதிகாரங்கள். கோல் ஒன்றுதான், பிடித்தவரைப் பொறுத்து அது எதுவாகவும் ஆகும் என்பது இந்த மண்ணுக்குப் பழைய சங்கதி.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். ஆதீனத்துக்கு வாய்மொழி மரபு இருக்கிறது. திருமுல்லைவாயிலுக்குத் தலபுராணம் இருக்கிறது. எழுத்தே இல்லாமல் ஆயிரம் ஆண்டுகளாக ஒரு கதை உயிரோடு இருக்கும்போது பலகை எதற்கு? சந்தனத்தை ஆண்டுக்கொரு முறை களைந்து சாத்துகிற கைகள் எந்தக் கல்வெட்டையும் விட உறுதியான நினைவு அல்லவா? இதில் பாதி உண்மை. சடங்கு கதையைக் காக்கும். எட்டாம் நூற்றாண்டுச் சுந்தரரின் வடதிருமுல்லைவாயில் பதிகத்திலேயே தொண்டைமானும் முல்லைக்கொடி வளைத்த அவன் யானையும் வந்துவிடுகிறார்கள். அவ்வளவு காலம் அந்த நினைவு கெடாமல் கைமாறி வந்திருக்கிறது. ஆனால் அதே மரபு பிற்காலத்தில் அந்தத் தொண்டைமானை ஆதொண்டைச் சக்கரவர்த்தியாக்கி, குலோத்துங்க சோழனின் மகன் என்று சொல்லத் தொடங்கியது. முதற் குலோத்துங்கன் அரியணை ஏறியது 1070இல். சுந்தரர் பாடி முந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு பிறந்தவனை எப்படிச் சுந்தரர் பாடினார்? சடங்கு கதையைக் காத்தது, காலத்தை நழுவவிட்டது.

காலம் மட்டும் நழுவியிருந்தால் பெரிய நட்டமில்லை. தோற்றவர்களும் நழுவிப் போனார்கள். தலபுராணத்தில் குறும்பர்கள் வெறும் முரடர்கள், அடக்கப்படவே பிறந்தவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காலின் மெக்கன்சி தொண்டை மண்டலத்து ஊர்களிலிருந்து திரட்டிய சுவடிகளில் அதே குறும்பர்கள் வேறு மாதிரி தெரிகிறார்கள்: நாட்டை 24 கோட்டங்களாகப் பிரித்து ஆண்டவர்கள், புழலில் கோட்டை கட்டியவர்கள், சமணத்தைத் தழுவியவர்கள், வணிகம் செய்தவர்கள். அதுவும் செவிவழிக் கதைதான், அப்படியே வரலாறாகக் கொள்ளமுடியாது. ஆனால் புழல் என்றால் ஏரியும் சிறைச்சாலையும் மட்டும் என்றாகிவிட்ட இன்று, அங்கே ஒரு கோட்டை இருந்தது என்ற நினைவை வைத்திருப்பவை வென்றவன் கொண்டுவந்து நட்ட இந்த இரண்டு தூண்கள். வெற்றிச் சின்னத்துக்கு இப்படியொரு இரட்டை வாழ்வு உண்டு. நட்டவன் தன் பெருமைக்காக நடுகிறான். அவன் போன பிறகு அது தோற்றவனுக்கும் சாட்சியாகிவிடுகிறது.

எழுதி வைப்பது நமக்கு அந்நியமான பழக்கமும் அல்ல. தொல்காப்பியம் நடுகல்லுக்குக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என்று வரிசை வகுத்தது. கல்லைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து வாழ்த்துவது வரை ஒவ்வொன்றும் சடங்கு. பல்லவர் காலத்துச் செங்கம் பகுதி நடுகற்கள் அரசன் பெயர், ஆட்சியாண்டு, ஊர், வீரன் பெயர், அவன் எந்தப் பூசலில் எப்படிப் பட்டான் என்பதை எல்லாம் சில வரிகளில் சொல்லிவிடுகின்றன. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல் ஒன்று இருக்கிறது. மாடு மீட்கும் பூசலில் இறந்த கருந்தேவக்கத்தி என்பவனின் உருவத்தோடு, அவன் நாயின் உருவமும் அதில் உண்டு. நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் பொறித்திருக்கிறார்கள். 1,400 ஆண்டுகளுக்கு முன் செத்த ஒரு நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது. நம் தெருமுனைச் சிலைகளில் எத்தனை பேரைப் பற்றி, பீடத்தை மட்டும் படித்து, அவர் என்ன செய்தார் என்று ஒரு பள்ளிப்பிள்ளை தெரிந்துகொள்ள முடியும்?

பீடத்தில் கல்லே இல்லை என்று சொல்லமுடியாது. திறப்புவிழாக் கல் எப்போதும் இருக்கும். திறந்துவைத்தவர், தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர், வரவேற்றவர், நன்றி சொன்னவர் என்று ஒரு கல்யாணப் பத்திரிகை அளவுக்குப் பெயர்கள். சிலையாக நிற்பவரின் பெயர் அதற்கு மேல் ஒரே வரி. இதைக் கேலி செய்வது எளிது. ஆனால் இந்தக் கற்களை நான் குறைத்து மதிப்பிடமாட்டேன். நினைக்கப்படுகிறவரைப் பற்றி அவை ஒன்றும் சொல்லாவிட்டாலும், நினைக்கிறவர்களைப் பற்றி உள்ளதைச் சொல்கின்றன: எந்த ஆண்டில், எந்தக் கட்சி, எந்தத் தலைவரைத் தன்னுடையவர் என்று உரிமை கொண்டாடியது என்பது அதில் இருக்கிறது. அம்பேத்கர் சிலைகளைச் சுற்றி இரும்புக் கூண்டு போட்டிருப்பதைத் தமிழ்நாட்டில் எங்கும் பார்க்கலாம். அந்தக் கூண்டும் ஒரு வாசகம்தான். யாரும் அதை எழுதவேண்டும் என்று எழுதவில்லை. ஆனால் அந்த ஊரில் அந்தச் சிலை யாருக்கு உறுத்துகிறது, அரசு எதற்கு அஞ்சுகிறது என்பதை அது பீடத்தைவிடத் தெளிவாகச் சொல்லிவிடுகிறது.

பலகை பொய் சொல்லுமே, அதிகாரம் உள்ளவர்தானே அதை எழுதுவார் என்பது அடுத்த மறுப்பு. ஆம், சொல்லும். சென்னை மவுண்ட் ரோட்டில் நின்ற ஜேம்ஸ் நீல் சிலையின் பீடம், வங்காளத்தில் கிளர்ச்சி வெள்ளத்தை முதலில் தடுத்து நிறுத்தியவர் என்று அவரைப் புகழ்ந்தது. 1857இல் அலகாபாத்திலும் கான்பூரிலும் அவர் நடத்திய கொடூரங்கள் அதில் இல்லை. ஆனால் 1927இல் சத்தியாகிரகிகள் அந்தச் சிலைக்கு முன் திரண்டபோது, அந்தப் புகழுரையே ஆங்கிலேயர் எதைப் பெருமையாகக் கருதினார்கள் என்பதற்கு ஒப்புதல் வாக்குமூலமாக நின்றது. 1937இல் ராஜாஜி அமைச்சரவை சிலையை அகற்றி எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அனுப்பியது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் இதற்கு நேர்மாறானது நடந்தது. அடிமை வணிகத்தில் பங்கு பெற்ற எட்வர்ட் கோல்ஸ்டனுக்கு 1895இல் வைத்த சிலை, அவரை ஊரின் நற்பண்புள்ள புதல்வர் என்றது. அந்த அடிமை வணிகத்தைச் சொல்லும் இரண்டாவது பலகை ஒன்றை வைக்க 2018இல் முயன்றார்கள். வாசகத்தில் உடன்பாடு வராமல் 2019இல் அது நின்றுபோனது. 2020 ஜூனில் கூட்டம் சிலையைக் கயிறு கட்டி இழுத்துத் துறைமுக நீரில் தள்ளியது. பலகை இருந்திருந்தால் சிலை பிழைத்திருக்கும் என்று அடித்துச் சொல்லமுடியாது. ஆனால் திருத்த மறுத்த வாசகம் கோபத்தைச் சேர்த்துவைத்தது. இப்போது அந்தச் சிலை, மேலே பூசிய சாயத்தோடு, நடந்ததைச் சொல்லும் குறிப்புகளோடு, அருங்காட்சியகத்தில் படுத்த நிலையில் இருக்கிறது.

ஆவடிக்கு வருவோம். 1955 ஜனவரியில் யு.என். தேபர் தலைமையில் இங்கே கூடிய காங்கிரஸ் மாநாடுதான், சோஷலிச பாணி சமுதாயமே நாட்டின் இலக்கு என்று தீர்மானித்தது. இந்தியப் பொருளாதார வரலாறு எழுதுகிற எவரும் 'ஆவடி தீர்மானம்' என்று ஒருமுறையாவது எழுதாமல் தாண்டமுடியாது. அடுத்த பத்தாண்டுக்குள் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. பக்கத்தில் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. ஆவடி என்றால் தீர்மானம் என்பது மறைந்து, ஆவடி என்றால் டேங்க் ஃபேக்டரி என்றானது. 1965இல் இங்கிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது; 1971 போரில் விஜயந்தாக்கள் களம் கண்டன. ஓய்வுபெற்ற விஜயந்தாக்கள் இன்று நாட்டின் பல நகரங்களில் பீடமேறி நிற்கின்றன. அவற்றின் பலகைகள் பெரும்பாலும் எடை, வேகம், 105 மி.மீ. பீரங்கி என்று இயந்திரத்தின் கணக்கையே சொல்கின்றன. தொண்டைமான் கொண்டுவந்த தூண் பகைவனுடையது; இந்த டாங்கி நம் ஊர்ப் பட்டறையில் நம் ஊர்க் கைகள் செய்தது. வெளிநாட்டு வடிவமைப்பை வாங்கி, உருக்கையும் வெல்டிங்கையும் பழகி, ஒரு தலைமுறை இங்கே தொழில் கற்றுக்கொண்டதன் நினைவுச்சின்னம் அது. அந்தச் சேதி பலகையில் இல்லாவிட்டால், வேறு ஊரில் அதைப் பார்க்கும் பிள்ளைக்கு அது வெறும் பீரங்கி வண்டி.

பூந்தமல்லிப் பக்கம் வேறொரு சிக்கல். பெங்களூரு நெடுஞ்சாலையில் மேற்கே போனால் ஸ்ரீபெரும்புதூர். 1991 மே 21 இரவு, அங்கிருந்த இந்திரா காந்தி சிலைக்கு மாலை போட்டுவிட்டுக் கூட்டத்துக்குப் போன ராஜீவ் காந்தி குண்டுவெடிப்பில் கொல்லப்பட்டார். 2003இல் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் அர்ப்பணித்த நினைவகத்தில் உள்ள ஏழு தூண்கள் தர்மம், சத்தியம், நியாயம் என்று விழுமியங்களைப் பேசுகின்றன. அந்த இரவில் நடந்தவற்றின் முழு விவரம் இருப்பதோ பூந்தமல்லி தனி நீதிமன்றத்தின் ஏடுகளில்: யார் வந்தார்கள், யார் காவல் நின்றார்கள், யாரெல்லாம் உடன் மடிந்தார்கள் என்று. அந்த நீதிமன்றம் 1998 ஜனவரி 28 அன்று 26 பேருக்கு மரண தண்டனை விதித்தது. மறு ஆண்டே உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேரை விடுவித்தது. ஒரே நிகழ்வுக்கு இரண்டு இடங்கள். ஒன்றில் சின்னம் இருக்கிறது. மற்றதில் குறிப்பு இருக்கிறது. நினைவகத்துக்கு வரும் சுற்றுலாப் பேருந்து எதுவும் பூந்தமல்லி நீதிமன்ற வாசலில் நிற்பதில்லை. அங்கே நிறுத்தவேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. விழுமியங்களை மட்டும் கல்லில் எழுதும்போது, அன்று பணியிலிருந்து செத்த காவலர்கள் கண்ணுக்குத் தெரியாமல் போகிறார்கள் என்பதைக் கவனிக்கவேண்டும்.

இதையெல்லாம் யார் நின்று படிக்கப்போகிறார்கள் என்று கேட்கலாம். பேருந்துக்கு ஓடுகிறவர் படிக்கமாட்டார், உண்மை. எடுத்தனூர்க் கல்லையும் அன்று ஊரில் பலர் படித்திருக்கமாட்டார்கள். ஆனால் தகராறு வரும் நாளில் அந்த எழுத்து வேண்டும். அந்த நாள் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. பூந்தமல்லி நெடுஞ்சாலைக்குப் பெரியார் ஈ.வெ.ரா. சாலை என்று பெயர் வைத்தது 1979இல். 2021 ஏப்ரலில் அதே சாலையில் திடீரென்று பழைய ஆங்கிலப் பெயரோடு வழிகாட்டிப் பலகைகள் முளைத்து, பெரும் சச்சரவாகி, அவற்றின் மேல் கறுப்பு பூசும் அளவுக்குப் போயிற்று. பெயரை எந்த ஆணை எப்போது மாற்றியது என்பது எல்லாருடைய கண்ணிலும் படும்படி ஒரு கல்லில் இருந்திருந்தால், குழப்பம் என்ற சமாதானம் எடுபட்டிருக்காது.

செலவு என்று யாரும் தட்டிக்கழிக்க முடியாது. பொது இடத்தில் சிலை வைக்க அரசு அனுமதி தேவை. 2013இல் உச்ச நீதிமன்றம் பொதுச் சாலைகளில் புதிதாகச் சிலை வைக்க அனுமதி தரக்கூடாது என்று இடைக்கால உத்தரவு போட்ட பிறகு கட்டுப்பாடு இன்னும் இறுகியது. எனவே முறையாக வைத்த சிலைக்கு யார் கேட்டார்கள், எந்த இடம், என்ன காரணம் என்று ஒரு கோப்பு இருக்கத்தான் வேண்டும். அம்பத்தூர் நகராட்சி 2011இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. ஆவடி 2019இல் தானே மாநகராட்சியாகிவிட்டது. அலுவலகம் மாறும்போதெல்லாம் கோப்புகளும் இடம் மாறும், சில வழியிலேயே தங்கிவிடும். கோப்பு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போதே ஆணை எண்ணையும் தேதியையும், சிலையாக நிற்பவர் செய்தது என்ன என்பதையும் பீடத்தில் இரண்டு மூன்று வரியாகச் செதுக்கிவிடலாம். மெட்ரோ பணிக்காகவும் சாலை அகலப்படுத்தவும் பூந்தமல்லி முதல் பாடி வரை எத்தனையோ பீடங்கள் நகரவேண்டி வரும். சிலையைக் கிரேன் வைத்துப் பத்திரமாகத் தூக்குவார்கள். திறப்புவிழாக் கல்லைக் கட்டட இடிபாடோடு லாரியில் ஏற்றிவிடுவார்கள். அந்தக் கல்லும் சிலையோடு சேர்ந்தே போகவேண்டும் என்று ஒப்பந்தப் பத்திரத்தில் ஒரு வரி சேர்க்க எந்த மாமன்றத்துக்கும் தனி நிதி தேவையில்லை.